கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்? மரைன் டேங்க்கின் ரிட்டர்ன் லைன்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கி, துணைத்தலைப்புகள் சேர்த்திருக்கிறோம்.)

போன மாதம் உப்புத்தண்ணி மீன் தொட்டி பற்றி லேசாகப் பேசினோம் இல்லையா, அதற்கப்புறம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: பைப். மீன் என்ன வாங்கலாம், உப்பு எந்த பிராண்ட் என்று கேட்டவர்கள் கம்மி. ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். வேளச்சேரியில் மூணாவது மாடி, வாடகை ஃப்ளாட், நாலடித் தொட்டி வாங்கியாச்சு. "ப்ரோ, மோட்டார்ல இருந்து மேல தண்ணி போற பைப்பை எப்படிப் போடணும்? கீழ் வீட்டுல புதுசா ஃபால்ஸ் சீலிங் போட்டிருக்காங்க, அதான் பயமா இருக்கு"ன்னு கேட்டிருந்தார்.

அந்தப் பயம் சரியான பயம். அதை வைத்துத்தான் இன்றைய எபிசோட் முழுக்கப் போகப் போகிறோம். மோட்டார் ஓடும்போது ரிட்டர்ன் லைன் எப்படி இருக்கும் என்பது சுலபமான பகுதி. தண்ணீர் மேலே போகும், அவ்வளவுதான். மோட்டார் நிற்கும்போது அது என்ன செய்யும் என்பதை வைத்துத்தான் அதை டிசைன் பண்ணணும். நம்ம பாஷையில் சொன்னால், ஹேப்பி பாத்துக்கு யார் வேணும்னாலும் கோட் எழுதலாம். சர்வர் பாதியில் செத்தால் டேட்டா என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. இங்கே டேட்டாவுக்குப் பதிலாக உப்புத்தண்ணி. அது கீழ் வீட்டு சீலிங்கில் போய் சேவ் ஆகிடும்.

மேலே தொட்டி, கீழே தொட்டி, நடுவில் மோட்டார்

புதுசா கேட்பவர்களுக்காக அமைப்பைச் சொல்லிடறேன். மேலே நாம் பார்க்கிற கண்ணாடித் தொட்டி, அதுதான் டிஸ்ப்ளே. அதற்குக் கீழே கேபினெட்டுக்குள் இன்னொரு தொட்டி, அதற்குப் பெயர் சம்ப். அழுக்கைப் பிரிக்கிற ஸ்கிம்மர் எல்லாம் அதில்தான் இருக்கும். டிஸ்ப்ளேவின் விளிம்பில் ஒரு ஓவர்ஃப்ளோ பாக்ஸ். அதன் வாயைத் தாண்டி வழியும் தண்ணீர் பைப் வழியாகக் கீழே சம்புக்கு இறங்கும். சம்பின் கடைசி அறையில் ஒரு மோட்டார், அது தண்ணீரைத் திரும்ப மேலே தள்ளும். அந்த மேலே போகிற வழிதான் ரிட்டர்ன் லைன்.

சம்ப் என்றதும் சென்னைக்காரர்களுக்கு வாசலில் மெட்ரோ வாட்டர் இறங்கும் சம்ப்தான் ஞாபகம் வரும். தப்பில்லை, வேலை கிட்டத்தட்ட அதேதான். கீழே சம்ப், மாடியில் ஓவர்ஹெட் டேங்க், நடுவில் மோட்டார். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. மொட்டை மாடி டேங்க்கில் பைப்பின் வாய் எங்கே இருக்கும்? மேலே, மூடிக்குக் கீழே, தண்ணீர் மட்டத்துக்கு மேலே. அங்கிருந்து கொட்டும். மோட்டார் நின்றால் டேங்க்கில் இருக்கிற தண்ணீர் அந்த பைப் வழியாகத் திரும்பி வரவே முடியாது, ஏனென்றால் பைப்பின் வாய் காற்றில் இருக்கிறது.

மீன் தொட்டியில் நாம் அப்படிக் கொட்ட விடுவதில்லை. கொட்டினால் சத்தம், தண்ணீர் முழுக்கக் குமிழி, சுற்றிலும் தெறிக்கிற துளி காய்ந்து வெள்ளையாக உப்புப் படிவு. லைட், சுவர், ஸ்விட்ச் போர்டு ஒன்றையும் விடாது. அதனால் பைப்பின் வாயைத் தண்ணீருக்குள் வைக்கிறோம். அந்த நொடியில் ஒரு சைஃபனைக் கட்டி வைத்துவிட்டோம்.

பைக்கிலிருந்து பெட்ரோல் எடுக்கிற கதை

சைஃபன் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். வண்டி நடுவழியில் நின்றால் நண்பனோட பைக் டேங்க்கில் ஒரு ட்யூபை விட்டு, வாயால் உறிஞ்சி, பாட்டிலைக் கீழே பிடிக்கிறோம். ஒரு தடவை ஓட ஆரம்பித்தால் தானாக ஓடும். ட்யூபின் மேல் முனை பெட்ரோலுக்கு வெளியே வந்து காற்று புகுந்தால்தான் நிற்கும்.

ரிட்டர்ன் லைனில் உறிஞ்சும் வேலையே கிடையாது. பைப் ஏற்கெனவே தண்ணீரால் நிறைந்திருக்கு. கரண்ட் போனதும் மோட்டாரின் இம்பெல்லர் நிற்கும். நின்ற இம்பெல்லர் ஒரு அடைப்பு கிடையாது, தண்ணீர் அதைத் தாண்டி தாராளமாகத் திரும்பிப் போகும். மேலே இருந்த தண்ணீர், மேலே போன அதே வழியில் கீழே வரும். எவ்வளவு நேரம்? மேலே பைப்பின் வாய்க்குள் காற்று புகும்வரை.

அப்படியென்றால் கேள்வி ரொம்ப எளிமையாகிவிடுகிறது. பைப்பின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கு? அந்த உயரம் × தொட்டியின் பரப்பு. அவ்வளவு தண்ணீர் கீழே வரும். சம்பில் அதற்கு இடம் இருக்கா?

கணக்கு போடலாம் வாங்க

என் தொட்டியின் அளவையே எடுத்துக்கறேன். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சென்டிமீட்டரில் 120 × 45 × 45 என்று வைத்துக்கொள்ளலாம். மேலிருந்து பார்த்தால் பரப்பு 5400 சதுர செ.மீ. அதாவது தண்ணீர் மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர் வெளியே போயிருக்கு. இந்த ஒரு நம்பரை உங்கள் தொட்டிக்குக் கண்டுபிடித்து கேபினெட் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்க. நாளைக்கு மூளை வேலை செய்யாத நேரத்தில் உதவும்.

சம்ப் 75 × 40, உயரம் 40 செ.மீ. பரப்பு 3000 சதுர செ.மீ., 1 செ.மீ.க்கு 3 லிட்டர். ஓடும்போது தண்ணீர் 22 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. விளிம்புவரை மீதி 18 செ.மீ., அதாவது 54 லிட்டர். காகிதத்தில்தான் 54. ஸ்கிம்மர், கல், கண்ணாடித் தடுப்புகள் எல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், அதனால் உண்மையில் இன்னும் கம்மி.

இப்போது மேலே பைப்பின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே வைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்க. பார்வைக்கு ரொம்ப ஆழம் இல்லை, நிறைய தொட்டிகளில் பார்க்கிற உயரம்தான். கரண்ட் போனால் 10 × 5.4 = 54 லிட்டர் கீழே வரும். ஓவர்ஃப்ளோ பாக்ஸிலும் பைப்புகளிலும் நிற்கிற தண்ணீர் இன்னொரு 5 லிட்டர். மொத்தம் 59. சம்பில் இருக்கிற இடம் 54. மீதி தரையில்.

சிலர் அடியில் அழுக்கு தேங்கக்கூடாது என்று ரிட்டர்ன் பைப்பை அடிமட்டம்வரை இறக்கிவிடுகிறார்கள். 35 செ.மீ. ஆழம் என்றால் 189 லிட்டர். ஹால் முழுக்கக் கடல். மேலே மீன்களுக்கு மிஞ்சுவது சில செ.மீ. தண்ணீர். இரண்டு பக்கமும் நஷ்டம்.

அதே பைப்பின் வாயை 2 செ.மீ. ஆழத்தில் வைத்தால்? 10.8 லிட்டர், பாக்ஸும் பைப்பும் சேர்த்து சுமார் 16. சம்பில் மட்டம் ஐந்தரை செ.மீ. ஏறும். 22 இருந்தது 27 சொச்சம் ஆகும். அங்கேயே நின்றுவிடும். நீங்க ஆபீஸில் இருந்தாலும் சரி, ஊரில் இருந்தாலும் சரி.

கவனிச்சீங்களா, இதற்கு நாம் எந்த பொருளும் வாங்கவில்லை. ஒரு பைப்பின் உயரத்தை மாற்றினோம், அவ்வளவுதான்.

செக் வால்வை நம்பலாமா?

இந்த இடத்தில் எல்லாரும் கேட்பது: "ஒரு செக் வால்வ் போட்டா முடிஞ்சுதே?" நான்-ரிடர்ன் வால்வ், என்ஆர்வி என்றும் கடையில் சொல்வார்கள். தண்ணீர் ஒரு திசையில் மட்டும் போகும், திரும்பினால் உள்ளே இருக்கிற மடல் மூடிக்கொள்ளும்.

உங்கள் வீட்டு மோட்டாரில் ஃபுட் வால்வ் இருக்கு இல்லையா? அதுவும் இதே ஜாதிதான். அதில் ஒரு மண் துகள் மாட்டினால் என்ன ஆகும்? தண்ணீர் இறங்கிவிடும், காலையில் மோட்டார் போட்டால் வெறுமனே சத்தம் மட்டும் வரும், ப்ளம்பரைக் கூப்பிட்டு ப்ரைமிங் பண்ணணும். நல்ல தண்ணீரிலேயே கதை அப்படி. கடல் தண்ணீர் தொட்டியில் பைப்பின் உட்சுவரில் சுண்ணாம்புக் கூடு கட்டுகிற குட்டிப் புழுக்கள் வளரும், இளஞ்சிவப்பு நிறத்தில் கல் மாதிரிப் பாசி படியும். வால்வின் மடல் உட்காரும் இடத்தில் அதில் ஒரு பொட்டு வளர்ந்தால் போதும், முழுசாக மூடாது. மூடவில்லை என்பது வெளியே தெரியவும் தெரியாது. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்த வால்வுக்கு வேலையே இல்லை. அது வேலை செய்யுதா இல்லையா என்பது, அது தேவைப்படும் அந்த நிமிஷத்தில்தான் தெரியும்.

போடாதீங்க என்று சொல்லவில்லை. போடுங்க, சுலபமாகக் கழற்றும்படி யூனியன் வைத்துப் போடுங்க, சில மாதங்களுக்கு ஒரு தடவை கழற்றிக் கழுவுங்க. ஆனால் கணக்கு போடும்போது அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்க. வால்வ் இருந்தால் தண்ணீர் கம்மியாக இறங்கும். இல்லையென்றாலும் சம்ப் தாங்கணும். அசையும் பாகம் ஒருநாள் மக்கர் பண்ணும், உயரம் மக்கர் பண்ணாது.

இன்னொரு வழி, சைஃபன் பிரேக். பைப்பில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே ஒரு சின்னத் துளை. மட்டம் அதுவரை இறங்கினதும் காற்று உள்ளே போய் சைஃபன் உடையும். பைப்பின் வாய் எதற்காகவாவது ஆழமாக இருந்தே ஆகணும் என்றால் இதுதான் வழி. ஆனால் ஒரு துளையைப் பாசி அடைக்கும், ஒரு நத்தை வந்து உட்கார்ந்தாலும் போச்சு. குறைந்தது இரண்டு துளை, கை எட்டும் இடத்தில், கண்ணாடி துடைக்கும்போதெல்லாம் ஒரு பழைய டூத் பிரஷால் அதையும் துடைங்க.

எதிர்ப்பக்கக் கணக்கு

கரண்ட் போவது ஒரு ஆபத்து. மோட்டார் நிற்காமல் ஓடுவது இன்னொன்று. மேலே ஓவர்ஃப்ளோ அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்க. ஒரு பாசிக் கட்டி, செத்த மீன், எதுவாகவும் இருக்கலாம். தண்ணீர் கீழே இறங்கவில்லை, ஆனால் மோட்டார் தன் அறையில் இருக்கிற தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். இந்தத் தடவை வழிவது மேல் தொட்டி.

இதற்கும் அதே மாதிரி ஒரு பெருக்கல்தான். மோட்டார் இருக்கும் அறை 25 × 40 செ.மீ. தண்ணீர் 22-இல் நிற்கிறது, மோட்டாரின் வாய் 7-இல் இருக்கிறது. மோட்டாரால் எடுக்க முடிவது நடுவில் இருக்கிற 15 செ.மீ., அதாவது 15 லிட்டர். மேலே டிஸ்ப்ளேயில் தண்ணீர் விளிம்புக்கு 3 செ.மீ. கீழே நின்றால் மீதி இடம் 16.2 லிட்டர். மயிரிழையில் தப்பிக்கிறோம். பார்க்க அழகாக இருக்கும் என்று மட்டத்தை விளிம்புவரை ஏற்றியிருந்தால் தப்பித்திருக்க முடியாது.

ஆட்டோ டாப் ஆஃப் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம். ஆவியாகிற தண்ணீருக்குப் பதில் தானாக நல்ல தண்ணீர் ஊற்றுகிற கருவி அது. அதன் சென்சார் இதே அறையில் இருக்கும். அறை காலியானதும் அது என்ன நினைக்கும்? தண்ணீர் ஆவியாகிடுச்சு போல என்று நல்ல தண்ணீரை ஊற்ற ஆரம்பிக்கும், மோட்டார் அதையும் மேலே தள்ளும். தரையும் நனையும், தொட்டியில் உப்பு அளவும் குறையும். டாப் ஆஃப் வாளி சின்னதாக இருப்பது நல்லது. மூணு நாளைக்கு ஒரு தடவை நிரப்புவது தொல்லைதான், ஆனால் கெட்டது நடந்தால் அந்த அளவோடு நிற்கும்.

பைப் கடையில் என்ன கேட்கணும்

இனி பொருள். ஹார்டுவேர் கடைக்குப் போனால் வெள்ளை பைப், க்ரீம் கலர் பைப், சாம்பல் பைப் மூணும் இருக்கும். வெள்ளை யுபிவிசி, க்ரீம் சுடுதண்ணிக்கான சிபிவிசி, சாம்பல் விவசாயத்துக்குப் போடுகிற பிவிசி. மூணும் உப்புத்தண்ணியைத் தாங்கும். பிரச்சினை, மூணுக்கும் அளவு முறை வேற. வெள்ளை முக்கால் இஞ்ச் பைப்பின் வெளி விட்டம் 26.7 மிமீ. க்ரீம் முக்கால் இஞ்ச் 22.2 மிமீ. சாம்பல் பைப் மிமீ கணக்கு, 25 என்றால் வெளியே 25. மூணையுமே கடையில் "முக்கால்" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஒன்றின் எல்போவில் இன்னொன்று தளதளவென்று ஆடும், பசையை அதிகமாகப் போட்டுச் சமாளிக்கலாம் என்று தோணும். வேண்டாம். ஒரே வகை, முடிந்தால் ஒரே கம்பெனி. எல்லா ஃபிட்டிங்கையும் கடையிலேயே காய்ச்சலாகப் பொருத்திப் பார்த்துவிட்டு வாங்குங்க.

இரண்டாவது, உலோகம். நம்ம ஊர் ப்ளம்பிங்கில் குழாய் மாட்டும் இடத்தில் உள்ளே பித்தளை மரை வைத்த எல்போ சர்வசாதாரணம். பித்தளையில் தாமிரம் இருக்கு. உப்புத்தண்ணியில் அது கரையும். இறால், நத்தை, பவளம் மாதிரி முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு ரொம்பச் சின்ன அளவுத் தாமிரமே விஷம். அதனால் "பிராஸ் இல்லாதது, முழு பிளாஸ்டிக் மரை" என்று கேட்டு வாங்குங்க. ஹோஸ் க்ளிப்பும் பிளாஸ்டிக்கே. ஸ்டீல் க்ளிப் துருப்பிடிக்கும்.

மூணாவது, விட்டம். மோட்டார் டப்பாவில் மணிக்கு 3000 லிட்டர் என்று போட்டிருக்கும். அது உயரமே இல்லாமல் அளந்தது. பக்கத்தில் மேக்ஸ் ஹெட் 3 மீட்டர் என்று இருந்தால், 3 மீட்டரில் வருவது பூஜ்யம். உங்கள் தொட்டி நடுவில் எங்கேயோ இருக்கு. சம்ப் தண்ணீர் மட்டத்திலிருந்து மேல் தொட்டித் தண்ணீர் மட்டம்வரை அளந்தால் பெரும்பாலும் ஒரு மீட்டர் பக்கம் வரும், அதோடு பைப்பின் உராய்வு சேரும். முக்கால் இஞ்ச் லைனில் ஒரு 90 டிகிரி எல்போ சுமார் அரை மீட்டர் நேர் பைப்புக்குச் சமமான தடை. இரண்டு எல்போவில் முடிகிற வேலைக்கு ஐந்து போடாதீங்க. விட்டத்தைப் பாதியாக்கினால் அதே ஓட்டத்துக்கு உராய்வு சுமார் 32 மடங்கு ஆகும். மோட்டார் வாயில் அரை இஞ்ச் இருக்கு என்று முழு லைனையும் அரை இஞ்ச்சில் போட வேண்டியதில்லை, உடனே ரெட்யூசர் வைத்து முக்காலுக்கு மாற்றிவிடலாம்.

எவ்வளவு ஓட்டம் வேணும்? சம்ப் வழியாக மணிக்குத் தொட்டியைப் போல மூணிலிருந்து ஐந்து மடங்கு என்பது பலரும் பின்பற்றுகிற அளவு. என் 240 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு ஆயிரம் லிட்டர் போதும். அலை வேணும் என்றால் தொட்டிக்குள் தனியாக வேவ்மேக்கர் வையுங்க, அதை ரிட்டர்ன் லைன் தலையில் கட்டாதீங்க.

ஓட்டத்தைக் குறைக்க வால்வ் வைத்தால் மோட்டாருக்கு அப்புறம் மட்டும். மோட்டார் உறிஞ்சும் பக்கத்தில் அடைத்தால் அது திணறும். டிசி மோட்டார் என்றால் கன்ட்ரோலரிலேயே வேகத்தைக் குறைக்கலாம். மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு யூனியன் கட்டாயம், கழுவக் கழற்றும்போது பைப்பை அறுக்க வேண்டியிருக்காது. மோட்டாருக்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு ஜாண் சிலிகான் ட்யூப் வைத்தால் அதிர்வு கேபினெட்டுக்குப் போகாது, ராத்திரி தூங்கலாம்.

ஒட்டும்போது, வெட்டின விளிம்பின் பிசிறை உள்ளேயும் வெளியேயும் எடுத்து, இரண்டு பக்கமும் சால்வென்ட் சிமென்ட் தடவி, கால் திருப்பு திருப்பி, அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க. ஒரு நாள் முழுக்கக் காயட்டும். அவசரப்பட்டு அன்றைக்கே தண்ணீர் விடாதீங்க.

சில்லர் பற்றி ஒரு வார்த்தை. நம்ம வெயிலுக்கு அது ஆடம்பரம் இல்லை. சிலர் அதையும் ரிட்டர்ன் லைனிலேயே கோர்த்துவிடுகிறார்கள். மோட்டார் ஒன்று மிச்சம், ஆனால் தடை அதிகம், ஒன்று அடைத்தால் இரண்டும் போச்சு. சம்புக்குள்ளேயே சின்ன மோட்டார் வைத்துச் சில்லருக்குத் தனிச் சுற்று கொடுத்தால் நிம்மதி. சில்லரின் உள் சுருள் டைட்டானியமா என்றும் கேட்டுக்கோங்க. தாமிரச் சுருள் என்றால் பித்தளை எல்போ கதைதான்.

இன்வெர்ட்டர் இருக்கே?

இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் இன்வெர்ட்டர் அந்த நிகழ்வை ரத்து பண்ணாது, தள்ளி வைக்கும். ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் போனால், பேட்டரி நாலு மணிக்குத் தீரும். சைஃபன் அப்போது இறங்கும், எல்லாரும் தூங்கும்போது. 2016 டிசம்பர் வர்தா புயல், 2023 டிசம்பர் மிக்ஜாம், இரண்டிலும் சென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. எந்த வீட்டு இன்வெர்ட்டரும் அதைத் தாங்காது. சம்ப் கணக்கு சரியாக இருந்தால், கரண்ட் எப்போது போனாலும் தரை காய்ந்தே இருக்கும்.

தரைக்கு அப்புறம் மீன். கரண்ட் இல்லாத தொட்டியில் முதலில் தீர்வது ஆக்ஸிஜன். 28 டிகிரியில் நல்ல தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் பக்கம் ஆக்ஸிஜன் கரையும். அதே சூட்டில் கடல் தண்ணீரில் சுமார் 6.5 தான். சூடு ஏற ஏற அதுவும் குறையும். பேட்டரியில் தானாக ஆன் ஆகிற ஒரு சின்ன ஏர் பம்ப் வாங்கி வையுங்க. ரிட்டர்ன் மோட்டாரை ஓட்டும் மின்சாரத்தில் அதைப் பல மடங்கு நேரம் ஓட்டலாம்.

இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால் ஏசி மோட்டார் உறுமும், சூடாகும். சைன் வேவ் பாருங்க. இதைவிட முக்கியம்: கேபினெட்டுக்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாதீங்க, சுவரில் உயரமாக மாட்டுங்க. ஒவ்வொரு வயரும் ப்ளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டு ஏறணும், அப்போதுதான் வயர் வழியே வரும் துளி ப்ளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். அந்த லைனில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இருக்கா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்க. உப்புத்தண்ணியும் கரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கு, இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ப்ளக்கைப் பிடுங்குங்க

எல்லாம் போட்டாச்சு. உப்பு கலக்கும் முன், மீன் வாங்கும் முன், குழாய்த் தண்ணீரை நிரப்பி ஒரு டெஸ்ட். ஞாயிற்றுக்கிழமை பகலில், இரண்டு வாளி, ஒரு மாப், உதவிக்கு ஒருத்தரோடு.

முதல் டெஸ்ட்: செக் வால்வ் போட்டிருந்தால் அதன் மடலைக் கழற்றிடுங்க. மோட்டாரை நிறுத்திவிட்டு, மேல் தொட்டி இறங்கி முடிந்ததும், சம்பை விளிம்புக்கு 5 செ.மீ. கீழ்வரை நிரப்புங்க. இப்போது மோட்டாரைப் போடுங்க. மட்டம் இறங்கி ஒரு இடத்தில் நிலைக்கும். அங்கே பெர்மனன்ட் மார்க்கரால் கோடு. அதுதான் உங்கள் உச்ச வரம்பு. ஓடும்போது ஒருநாளும் அதற்கு மேல் நிரப்பக்கூடாது. வீட்டில் எல்லாருக்கும் அந்தக் கோடு தெரிந்திருக்கணும். "தண்ணி கம்மியா இருக்கே"ன்னு பாசத்தில் ஒரு குடம் ஊற்றுவதற்கு அம்மா, பாட்டி யாராவது கண்டிப்பாக இருப்பார்கள்.

இரண்டாவது டெஸ்ட்: ப்ளக்கைப் பிடுங்குங்க. ஓட்டம் முழுசாக நிற்கும்வரை பாருங்க. திரும்பப் போடுங்க. இதைப் பத்துத் தடவை செய்யுங்க, ஏனென்றால் நம்ம ஊரில் கரண்ட் ஒரே தடவை போய் ஒரே தடவை வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் மோட்டார் தானாகக் கிளம்புதா, காற்று மாட்டிக்கொள்ளாமல் தண்ணீர் ஏறுதா என்று பாருங்க.

மூணாவது டெஸ்ட்: ஓவர்ஃப்ளோ வாயைத் துணியால் அடைச்சுப் பாருங்க. மோட்டார் அறை காலியாகும்போது மேல் தொட்டி வழியுதா? வழிந்தால் மோட்டார் வாயை உயர்த்தணும், இல்லை ஓடும் மட்டத்தைக் குறைக்கணும்.

மூணும் பாஸ் என்றால் உப்பு கலக்கலாம்.

நேயர் கேள்விகள்

"இரண்டு நாஸில் வைத்தால்?" வையுங்க. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஒன்று ஆழமாக இருந்தால், மேலே இருக்கிறது காற்றை உள்ளே இழுத்தாலும் ஆழமானது கொஞ்ச நேரம் தொடர்ந்து இழுக்கக்கூடும். கணக்கை எப்போதும் ஆழமான நாஸிலுக்குப் போடுங்க.

"பைப்புக்குப் பதில் முழுக்க ஹோஸ் போதுமா?" போதும். மடங்காமல் பார்த்துக்கோங்க. வெயில் படும் இடத்தில் ட்ரான்ஸ்பரன்ட் ஹோஸ் வேண்டாம், உள்ளே பாசி பிடிக்கும்.

"பவளம் வைக்கலாமா?" பைப் தாண்டின கேள்வி, சுருக்கமாகச் சொல்றேன். கல் பவளங்கள் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கு. கடைக்காரர் கொடுக்கிறார் என்பதற்காக வாங்கிவிடாதீங்க. முதல் தொட்டிக்குப் பண்ணையில் பொரித்த க்ளவுன்ஃபிஷ் ஜோடி போதும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் க்ளவுன்ஃபிஷ்களைப் பொரித்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கு. கொளத்தூர் கடைகளில் "பிடிச்சதா, பொரிச்சதா" என்று கேட்டு வாங்குங்க.

"வாடகை வீடு, ஓனர்கிட்ட என்ன சொல்றது?" மூணாவது டெஸ்ட் முடிந்த அன்றைக்குக் கூப்பிட்டு, அவர் கையாலேயே ப்ளக்கைப் பிடுங்கச் சொல்லுங்க. தரை காய்ந்திருப்பதை அவரே பார்ப்பார். அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அடுத்த எபிசோடில் ஓவர்ஃப்ளோ பக்கம் பேசலாம்: கீழே இறங்கும் பைப் ஏன் ராத்திரியெல்லாம் குடுகுடுவென்று சத்தம் போடுது, அதை எப்படி அடக்குவது. அதுவரைக்கும் உங்கள் தொட்டியின் அந்த ஒரு நம்பர், ஒரு செ.மீ.க்கு எத்தனை லிட்டர் என்பதைக் கணக்கு போட்டு எங்களுக்கு அனுப்புங்க. சம்பின் அளவையும் சேர்த்து அனுப்பினால், தாங்குமா தாங்காதா என்று அடுத்த தடவை சேர்ந்தே பார்த்துடலாம்.